பெயரும் ஒரு சொத்து

சொத்து என்றதும் நம் நினைவுக்கு வருபவை வீடு, நிலம், நகை, வங்கிச் சேமிப்பு ஆகியவைதாம். கையால் தொட முடியாத ஒன்று சொத்தாக முடியுமா? முடியும் என்கிறது நம் நாட்டுச் சட்டம். ஒரு கடையின் பெயர், ஊறுகாய்ப் போத்தலின் மேல் ஒட்டியிருக்கும் படம், தேயிலைப் பொட்டலத்தின் மேலுள்ள எழுத்து ஆகிய இவையெல்லாம் விற்கவும் வாங்கவும் வாடகைக்கு விடவும் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவும் கூடிய சொத்துகளாகும். ஆனால், இந்தச் சொத்தைக் கட்டிக் காக்கும் வழி நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. கையில் பட்டம், வீட்டில் சிறு வியாபாரம் என்ற நிலையில் இருக்கும் இந்திய மாணவர்கள் நம் பல்கலைக்கழகங்களில் பலர் உள்ளனர். அவர்களையும் அவர்களின் பெற்றோரையும் மனத்தில் கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

அறிவுசார் சொத்து

மனிதனின் அறிவாலும் உழைப்பாலும் உருவாகி, சட்டத்தால் பாதுகாக்கப்படும் உரிமைகளை அறிவுசார் சொத்து என்பர். மலேசியாவில் இதற்கெனத் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. புதிய கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமைச் சட்டம் 1983, நூல், பாடல், படம் முதலிய படைப்புகளுக்குப் பதிப்புரிமைச் சட்டம் 1987, பொருள்களின் வடிவமைப்புக்குத் தொழில்துறை வடிவமைப்புச் சட்டம் 1996 ஆகியவை அவற்றுள் சில. பெயருக்கும் சின்னத்துக்கும் உரியது வணிகச் சின்னச் சட்டம். பழைய 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1983 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதே ஆண்டு டிசம்பர் 27-இல் நடப்புக்கு வந்தது. இப்பதிவுகளைக் கவனிக்கும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம், சுருக்கமாக மைஐபிஓ, 2003 மார்ச் 3-இல் கழகமாக அமைக்கப்பட்டது.

ஒருவரின் பொருளை மற்றவர் பொருளிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவதே வணிகச் சின்னத்தின் வேலை. கடைக்காரரிடம், “அண்ணே, அந்தப் பச்சைப் பெட்டித் தேயிலை கொடுங்க” என்று நாம் கேட்கும்போது, அந்தப் பச்சைப் பெட்டி தனக்குரிய வேலையைச் செய்துவிட்டது. தயாரித்தவரை நாம் பார்த்ததில்லை. ஆனாலும் போன மாதம் குடித்த அதே சுவை இந்த மாதமும் கிடைக்கும் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையைத்தான் சட்டம் சொத்து என்று மதிக்கிறது.

மேட்டு நிலத்தில் ஒரு கணக்கு

கேமரன் மலையின் வடகோடியில் இருப்பது கம்போங் ராஜா. ஈப்போவுக்கு அருகிலுள்ள சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறி வருபவர்கள் முதலில் காணும் கேமரன் மலைச் சிற்றூர் இதுதான். அருகில் புளூவெளி தேயிலைத் தோட்டம். சுற்றிலும் காய்கறித் தோட்டங்களும் பூந்தோட்டங்களும். இம்மலையில் தேயிலைத் தொழில் வேரூன்றித் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஜே.ஏ. ரசல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியது 1929-இல். பாரத் தேயிலை நிறுவனம் தொடங்கியது 1933-இல். காட்டை அழித்துச் சரிவுகளில் கன்று நட்டவர்களிலும், கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்களிலும் தமிழர்கள் பெரும் பங்கினர்.

மூன்று தலைமுறை கடந்துவிட்டது. இம்மலையில் நம்மவர்களுக்குச் சொந்தமானது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. தோட்ட வேலையை விட்டுக் காய்கறி போட்டவர்களில் பலர் உழுவதும் அரசாங்க நிலத்தில்தான். அதற்கு ‘டி.ஓ.எல்.’ என்று ஊரில் வழங்கும் தற்காலிக நில உரிமம் வேண்டியிருந்தது. தேசிய நிலச் சட்டத்தின்படி இந்த உரிமம் அந்தந்த ஆண்டின் இறுதியோடு காலாவதியாகும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். இதை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் உரிமமும் முடிந்துபோகும். அப்பா முப்பது ஆண்டு பாடுபட்டுப் பண்படுத்திய நிலமே ஆனாலும், பிள்ளை அதை மரபுரிமையாகக் கேட்க முடியாது. புதிதாக விண்ணப்பம்தான் செய்ய வேண்டும்.

இதற்கு நேர்மாறானது வணிகச் சின்னம். பதிவு செய்யப்பட்ட சின்னம் உரிமையாளரின் தனிச்சொத்து என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதை விற்கலாம், பிறர் பயன்படுத்த அனுமதி கொடுத்துக் கட்டணம் வாங்கலாம், கடனுக்கு ஈடாக வைக்கலாம், உயில் எழுதிப் பிள்ளைக்கு விட்டுச் செல்லலாம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். கட்டணம் கட்டிப் பத்துப் பத்து ஆண்டாக நீட்டித்துக்கொண்டே போகலாம். நிலத்துக்குக் கிராண்ட் இல்லாத குடும்பம் பெயருக்குச் சான்றிதழ் வைத்திருக்கலாம். அந்த வாய்ப்பை நாம் பயன்படுத்துகிறோமா என்பதுதான் கேள்வி.

மெக்கறி சொல்லும் பாடம்

பெயர் உரிமையைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டில் நடந்த ஒரு வழக்கைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1999-இல் கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் ‘மெக்கறி’ என்ற இந்திய உணவகம் திறக்கப்பட்டது. மலேசியன் சிக்கன் கறி என்பதன் சுருக்கமே அப்பெயர் என்றனர் அதன் உரிமையாளர்கள். மெக்டோனல்ட்ஸ் நிறுவனம் 2001-இல் அவ்வுணவகத்தின் மீது வழக்குத் தொடுத்தது. ‘மெக்’ என்ற முன்னொட்டைக் கேட்டாலே மக்கள் நினைவுக்கு வருவது தங்கள் நிறுவனம்தான்; அதனைப் பயன்படுத்துவதால் மக்கள் ஏமாறுவர் என்பது அந்நிறுவனத்தின் வாதம்.

இது ‘பாசிங் ஆஃப்’ எனப்படும் வகையைச் சேர்ந்த வழக்கு. தன் பொருளைப் பிறர் பொருள் போலக் காட்டி விற்பதைத் தடுக்கும் பழைய ஆங்கிலேயப் பொதுச் சட்டக் கொள்கை இது. வழக்குத் தொடுப்பவர் மூன்றை நிரூபிக்க வேண்டும். முதலாவது, தம் பெயருக்கு மக்களிடையே நன்மதிப்பு உண்டு. இரண்டாவது, எதிராளியின் செயல் மக்களைத் தவறாக எண்ண வைக்கிறது. மூன்றாவது, அதனால் தமக்கு இழப்பு ஏற்பட்டது அல்லது ஏற்படக்கூடும்.

2006-இல் உயர் நீதிமன்றம் மெக்டோனல்ட்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. உணவகம் மேல்முறையீடு செய்தது. 2009 ஏப்ரலில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதிய தீர்ப்பில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. ஒரு முன்னொட்டை மட்டும் தனியே எடுத்துப் பார்க்காமல், முழுத் தோற்றத்தையும் அந்நீதிமன்றம் பார்த்தது. மெக்டோனல்ட்ஸின் அடையாளம் வளைந்த பொன்னிற ‘எம்’ எழுத்து. மெக்கறியின் பெயர்ப் பலகையிலோ சிவப்புப் பின்னணியில் வெள்ளை, சாம்பல் எழுத்துகள். இரண்டு கட்டை விரல்களையும் உயர்த்திக் காட்டும் ஒரு கோழி. ஒன்றில் பர்கர், மற்றதில் இந்திய உணவு. மெக்கறியின் உணவுப் பட்டியலில் எந்தப் பதார்த்தத்துக்கும் ‘மெக்’ என்ற முன்னொட்டு இல்லை. வாடிக்கையாளர்களும் வேறு வேறு வகையினர். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், மக்கள் ஒன்றை மற்றதாக எண்ணுவதற்கு இடமில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 2009 செப்டம்பர் 8-இல் கூட்டரசு நீதிமன்றம் மெக்டோனல்ட்ஸின் மேல்முறையீட்டு அனுமதி மனுவைத் தள்ளுபடி செய்தது. செலவுத் தொகையாக 10,000 ரிங்கிட் செலுத்துமாறும் உத்தரவிட்டது.

சிறிய கடை பெரிய நிறுவனத்தை வென்றது என்று நாளிதழ்கள் எழுதின. நமக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால், பெருமையோடு இரண்டு செய்திகளையும் நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று, ‘மெக்’ என்று யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று இத்தீர்ப்பு சொல்லவில்லை. அதே கடை பொன்னிற வளைவைப் போட்டு, உணவுப் பட்டியலிலும் அம்முன்னொட்டைச் சேர்த்திருந்தால் முடிவு வேறாகியிருக்கலாம். மற்றொன்று, இவ்வெற்றிக்கு எட்டு ஆண்டுகள் பிடித்தன. எட்டு ஆண்டு வழக்கு நடத்தும் வசதி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

‘எஸ்.எஸ்.எம். பதிவு இருக்கிறதே!’

வழக்கு நடத்த முடியாதவர்களின் நிலையை என் உறவினர் ஒருவரின் அனுபவத்தால் விளக்குகிறேன். கம்போங் ராஜாவில் என் பெரியப்பாவுக்கு ஒரு சிறு காய்கறித் தோட்டம். பெரியம்மா ஊறுகாய் போடுவதில் கைதேர்ந்தவர். முதலில் கோயில் திருவிழாவுக்கு வருபவர்களுக்குக் கொடுத்தார். பிறகு சாலையோரக் கடையில் வைத்து விற்றார். ஒரு பெயர் வைத்து, மஞ்சள் நிறத்தாளில் அச்சடித்து ஒட்டினார். சுற்றுலா வந்தவர்கள் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கும் அளவுக்கு அது பேர் எடுத்தது.

சில ஆண்டுகளுக்குப் பின், மலைக்குக் கீழே ஒரு பட்டணத்தில் அதே பெயரில், அதே மஞ்சள் தாளில் வேறொருவரின் ஊறுகாய் விற்பனைக்கு வந்தது. அதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “என்னக்கா, முன்ன மாதிரி இல்லையே!” என்று பெரியம்மாவிடம் குறைபட்டவர்கள் உண்டு. அவர் போடாத ஊறுகாய்க்கு அவர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பெரியப்பா உடனே எடுத்துக் காட்டியது எஸ்.எஸ்.எம். சான்றிதழைத்தான். “பதிவு இருக்கிறதே, வேறு யாரும் இந்தப் பெயரை வைக்க முடியாதே!” என்றார்.

இங்கேதான் நம் மக்களில் பலர் ஏமாந்து போகின்றனர். மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.-மில் செய்வது வியாபாரப் பதிவு. 1956-ஆம் ஆண்டு வியாபாரப் பதிவுச் சட்டத்தின்படி, இன்னார் இன்ன இடத்தில் இன்ன தொழில் செய்கிறார் என்று அரசாங்கத்துக்குத் தெரிவிக்கும் பதிவு அது. கடை நடத்துவதற்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால், பொருளின் பெயர் மீது அது தனியுரிமை எதையும் கொடுப்பதில்லை. வியாபாரப் பதிவு நம் அடையாள அட்டையைப் போன்றது. வணிகச் சின்னப் பதிவோ நிலக் கிராண்டைப் போன்றது. அடையாள அட்டையைக் காட்டி நிலத்துக்குச் சொந்தம் கொண்டாட முடியுமா?

அப்படியானால் பெரியம்மாவுக்கு உரிமையே இல்லையா? உண்டு. மலேசியச் சட்டம் முதலில் பயன்படுத்தியவரை மதிக்கும் சட்டம். பதிவு செய்யாவிட்டாலும், முன்பே மதிப்போடு பயன்படுத்தி வந்தவர் ‘பாசிங் ஆஃப்’ வழக்குத் தொடுக்கலாம்; பிறர் பதிவு செய்ய முயன்றால் எதிர்ப்பும் தெரிவிக்கலாம். ஆனால், முதலில் பயன்படுத்தியதை நிரூபிக்கும் சுமை அவர் தலையில்தான். ரசீது, பழைய படங்கள், அச்சகத்துச் சீட்டு, விளம்பரம், வாடிக்கையாளரின் வாக்குமூலம் என ஒவ்வொன்றாகத் திரட்ட வேண்டும். பெரியம்மாவிடம் இருந்தது, யார் யாருக்கு எத்தனை போத்தல் என்று எழுதி வைத்த ஒரு நோட்டுப் புத்தகம் மட்டுமே. அதில் போத்தல் கணக்கு இருந்தது. பெயர் எங்கும் இல்லை. வழக்கறிஞர் கட்டணத்தைக் கேட்டுவிட்டுக் குடும்பமே பின்வாங்கியது. கடைசியில் பெரியம்மா பழைய பெயரை விட்டுவிட்டுப் புதுப் பெயர் வைத்தார். இம்முறை முதல் வேலையாக அதைப் பதிவுக்கு அனுப்பினார்கள். பழைய பெயரைத் தேடி வந்தவர்களில் எத்தனை பேர் புதுப் பெயரைப் பார்த்துத் திரும்பிப் போனார்களோ!

பதிவுச் சான்றிதழ் இருந்திருந்தால் நிலைமை தலைகீழ். சான்றிதழே உரிமைக்கு முதற்சான்று. அதனைப் பொய்யென்று காட்டும் சுமை எதிராளியுடையதாகிவிடும். நன்மதிப்பு உண்டா, எத்தனை பேருக்குத் தெரியும் என்றெல்லாம் ஒவ்வொன்றாக நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எந்தப் பெயர் பதிவாகும்?

எல்லாப் பெயரையும் பதிவு செய்துவிட முடியாது. பொருளின் தன்மையை மட்டும் சொல்லும் பெயரைச் சட்டம் ஏற்பதில்லை. ‘காரமான ஊறுகாய்’ என்பதையோ ‘நல்ல தேயிலை’ என்பதையோ ஒருவருக்கே உரிமையாக்கினால், மற்ற வியாபாரிகள் தங்கள் பொருளை எப்படி விவரிப்பார்கள்? அதே காரணத்தால், பொருள் விளையும் ஊரின் பெயரை மட்டும் வைத்தும் பதிவு பெறுவது கடினம். மக்களை ஏமாற்றும் பெயர்களுக்கும், ஏற்கெனவே பதிவான சின்னத்தை ஒத்துக் குழப்பம் உண்டாக்கும் பெயர்களுக்கும் இடமில்லை.

சிறந்த பெயர் எது? பொருளோடு நேரடித் தொடர்பில்லாத பெயர்தான். தேயிலைக்கு ‘தேயிலை’ என்ற சொல் பலவீனம். ‘மயில்’ என்றால் பலம். புதிதாக உருவாக்கிய சொல் என்றால் இன்னும் பலம். முறுக்குக்கு ‘மொறுமொறு’ என்று பெயர் வைக்க நமக்கு ஆசைதான். ஆனால், அந்த ஒலியை எல்லா முறுக்கும்தானே எழுப்புகிறது! பெயர் வைக்கும்போதே இதைச் சிந்தித்தால் பிற்காலத் தொல்லை குறையும்.

சொல்லும் படமும் மட்டுமல்லாமல், பொருளின் அல்லது பொட்டலத்தின் வடிவம், நிறம், ஒலி, மணம், ஹோலோகிராம் ஆகியவற்றையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சின்னமாக ஏற்கிறது. தமிழ் எழுத்திலும் சின்னம் பதிவு செய்யலாம் என்பது நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. அதன் உச்சரிப்பை ரோமன் எழுத்திலும், பொருளை மலாயிலோ ஆங்கிலத்திலோ சேர்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நம் மொழியில் பெயர் வைத்தால் பதிவாகாது என்று எண்ணிக் கைவிட வேண்டியதில்லை.

பதிவு செய்வது எப்படி?

1. முதலில் தேடல். நாம் வைக்க நினைக்கும் பெயரைப் போன்ற பெயர் ஏற்கெனவே பதிவில் உள்ளதா என்று மைஐபிஓவின் தரவுத்தளத்தில் தேட வேண்டும். எழுத்து மட்டுமன்றி ஒலியும் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

2. அடுத்தது வகை. உலக நாடுகள் பின்பற்றும் நீஸ் வகைப்பாட்டில் பொருள்களும் சேவைகளும் 45 வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தேயிலை, காப்பி, மசாலைப் பொருள்கள் 30-ஆம் வகை. புதிய காய்கறி, பழம், பூ ஆகியவை 31. உணவகச் சேவை 43. தேயிலைக்குப் பெற்ற பதிவு உணவகத்துக்குத் தானாகச் செல்லாது. எனவே, இன்றைய தொழிலோடு நாளைய திட்டத்தையும் எண்ணி வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

3. பிறகு விண்ணப்பம். இணையம் வழி விண்ணப்பிக்கலாம். 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, கழகம் முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட பட்டியலிலிருந்து பொருளைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வகைக்கு 950 ரிங்கிட். பட்டியலில் இல்லாதவாறு நாமே எழுதினால் 1,100 ரிங்கிட். உள்நாட்டில் இருப்பவர் முகவர் இல்லாமல் தாமே விண்ணப்பிக்கலாம்.

4. கழகத்தின் அதிகாரி பெயரைப் பரிசீலிப்பார். ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் தெரிவிப்பார். குறித்த காலத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். கடிதத்தைப் பார்த்ததும் பயந்து கைவிடுபவர்கள் உண்டு. ஆட்சேபம் என்பது மறுப்பு அன்று, விளக்கம் கேட்பதுதான்.

5. ஏற்கப்பட்ட சின்னம் அதிகாரபூர்வ இதழில் வெளியிடப்படும். அன்றிலிருந்து 2 மாதத்துக்குள் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு இல்லையென்றால் பதிவாகும். சான்றிதழ் எப்போது வந்தாலும், பாதுகாப்பு விண்ணப்பம் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படும்.

பதிவுக்குப் பிறகும் இரண்டு கடமைகள் உண்டு. பெயரைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். 3 ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பயன்படுத்தாமல் விட்டால், மற்றவர் கேட்டுப் பதிவை நீக்கச் செய்யலாம். பதிவாகாத சின்னத்தின் அருகே வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தைப் போடக்கூடாது. பதிவாகிவிட்டதாகப் பொய்யாகக் காட்டுவது குற்றமாகும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். மலேசியாவில் பெற்ற பதிவு மலேசியாவுக்குள் மட்டுமே செல்லும். கேமரன் மலைக் காய்கறியும் பூவும் சிங்கப்பூருக்குப் போகின்றன. பெயரும் கூடவே போகிறது. பதிவு மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது. இதற்குத் தீர்வாக மலேசியா 2019 டிசம்பர் 27 முதல் மட்ரிட் ஒப்பந்த நெறியில் உறுப்பினராகியுள்ளது. மைஐபிஓவிடம் கொடுக்கும் ஒரே விண்ணப்பத்தில் சிங்கப்பூர், இந்தியா முதல் வட ஆப்பிரிக்காவின் மொரோக்கோ, துனீசியா வரை வேண்டிய நாடுகளைக் குறிப்பிட்டுப் பாதுகாப்புக் கேட்கலாம். ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி பரிசீலித்து முடிவு சொல்லும்.

ஊரின் பெயர் யாருக்குச் சொந்தம்?

தனியொருவரின் பெயரை இதுவரை பார்த்தோம். ஊரின் பெயருக்கே மதிப்பு உண்டானால், அதை யார் காப்பது? அதற்கு உரியது புவியியல் குறியீடு. ஒரு பொருளின் தரமோ பெயரோ அது விளையும் இடத்தால் அமைந்திருந்தால், அவ்விடத்தின் பெயரை அவ்விடத்து உற்பத்தியாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்பது இதன் அடிப்படை. மலேசியாவில் இதற்கான 2000-ஆம் ஆண்டுச் சட்டம் 2001-இல் நடப்புக்கு வந்தது. அதற்குப் பதிலான புதிய சட்டம் 2022 மார்ச் 18 முதல் நடப்பில் உள்ளது. சரவாக் மிளகு, சபா தேயிலை, பாரியோ அரிசி, தம்புன் பொமலோ ஆகியவை இவ்வாறு பதிவு பெற்ற பெயர்கள்.

தமிழகத்தின் காஞ்சிபுரம் பட்டு, மதுரை மல்லி, பழனிப் பஞ்சாமிர்தம், கோவில்பட்டி கடலை மிட்டாய் ஆகியவையும் இந்தியாவில் இத்தகைய பாதுகாப்பைப் பெற்றுள்ளன. பெரிய ஆலை முதலாளியின் பொருள்கள் அல்ல இவை. நெசவாளர், பூ விவசாயி, மிட்டாய் காய்ச்சுபவர் ஆகியோரின் கைவண்ணத்தால் பேர் எடுத்தவை.

தேயிலையை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் முதன்முதலாகப் புவியியல் குறியீடு பெற்ற பொருள் டார்ஜிலிங் தேயிலை, ஆண்டு 2004. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1980-களில், இந்தியத் தேயிலை வாரியம் டார்ஜிலிங்குக்கு ஒரு சின்னத்தைப் பதிவு செய்தது. கையில் தேயிலைக் கொழுந்தைப் பிடித்திருக்கும் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகமே அச்சின்னம். இலங்கைத் தேயிலை வாரியத்தின் சின்னமோ வாளேந்திய சிங்கம். இலங்கையில் விளைந்து, இலங்கையிலேயே பொட்டலமிடப்பட்ட தேயிலைக்கு மட்டுமே அது கிடைக்கும். அத்தேயிலையைத் தலைமுறை தலைமுறையாகப் பறித்து வருபவர்களில் மிகப் பலர் மலையகத் தமிழ்ப் பெண்கள். சின்னத்தில் முகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெயரின் மதிப்பு உண்டானது கொழுந்து பறித்த கைகளாலும்தான். ஆனால், சட்டம் பதிவேட்டைத்தான் பார்க்கும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே உரிமை.

நம் மலையிலும் இதுவே நிலை. ‘கேமரன் மலை’ என்ற சொல்லே சந்தையில் ஒரு தர முத்திரையாகிவிட்டது. வேறெங்கோ விளைந்த காய்கறிக்கும் அந்தப் பெயரைச் சொல்லி விற்றால் யார் தடுப்பது? தனித்தனியாக நிற்கும் சிறு விவசாயியால் முடியாது. இதற்குச் சட்டத்தில் இரு வழிகள் உள்ளன. ஒன்று, அவ்விடத்து உற்பத்தியாளர்களோ அவர்களின் சங்கமோ புவியியல் குறியீட்டுக்கு விண்ணப்பிப்பது. மற்றொன்று, 2019-ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாகக் கொண்டுவந்த கூட்டுச் சின்னம். ஒரு சங்கம் ஒரு சின்னத்தைப் பதிவு செய்து, விதிகளை வகுத்து, அவ்விதிக்கு உட்பட்ட உறுப்பினர்கள் எல்லாரும் அதைப் பயன்படுத்த விடலாம். பத்துக் குடும்பம் சேர்ந்தால் கட்டணமும் பத்தாகப் பிரிந்துவிடும். சங்கம் அமைப்பதில் நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? கோயிலுக்கு ஒரு சங்கம், இளைஞருக்கு ஒரு மணிமன்றம் என்று வைத்திருக்கும் நாம், உழைப்பின் பெயரைக் காக்கவும் ஒன்று வைத்துக்கொள்ளலாமே!

நாம் செய்ய வேண்டியது

மாணவ நண்பர்களே, இதில் நம் பங்கு என்ன? தமிழ்ப்பள்ளியில் படித்து, தேசியப் பள்ளிக்குச் சென்று, இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கும் நமக்கு மலாயும் ஆங்கிலமும் தமிழும் தெரியும். ஊரில் ஊறுகாய் போடும் அம்மாவுக்கோ பூக்கட்டும் அத்தைக்கோ மைஐபிஓவின் விண்ணப்பம் ஒரு சுவராக நிற்கிறது. அந்தச் சுவரில் கதவாக நாம் இருக்கலாம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மூன்று வேலைகளைச் செய்வோம். வீட்டாரின் வியாபாரப் பெயரைத் தரவுத்தளத்தில் தேடிப் பார்ப்போம். முதன்முதல் அச்சடித்த சீட்டு, பழைய ரசீது, தேதியிட்ட படம் ஆகியவற்றைத் திரட்டி ஒரு கோப்பில் போட்டு வைப்போம். முடிந்தால் விண்ணப்பத்தையும் நாமே உடனிருந்து நிரப்பிக் கொடுப்போம். சட்டத்துறை மாணவர்களும் வணிகத்துறை மாணவர்களும் சேர்ந்து, தோட்டப்புறங்களில் ஒரு நாள் விளக்கக் கூட்டம் நடத்தினாலும் பெரும் பயன் விளையும். தேநீரோடு முடியும் கூட்டமாக இல்லாமல், குறைந்தது ஒரு பெயராவது பதிவுக்குப் போகும் கூட்டமாக அது இருக்கட்டும்.

950 ரிங்கிட் சிறிய தொகை இல்லைதான். தோட்டக் குடும்பத்துக்கு அது ஒரு மாத மளிகைச் செலவு. ஆனால், பத்தாண்டுக்குப் பிரித்துப் பார்த்தால் மாதத்துக்கு 8 ரிங்கிட்டுக்கும் குறைவு. டி.ஓ.எல். உரிமம் டிசம்பரில் முடிந்துபோகும். லயத்து வீடு வேலையோடு போகும். பதிவு செய்த பெயரோ பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகும். இம்மலையில் நம் முன்னோர் எடுத்த நல்ல பெயரை அடுத்த தலைமுறைக்குச் சொத்தாக எழுதி வைக்கும் வழி நம் கையில் இருக்கிறது. இந்த விடுமுறையிலேயே அதைத் தொடங்குவோம்.